ஃபுல்டாவில் இறங்க வேண்டியவள்

மியூனிக் பீர்த் திருவிழாவுக்குச் செப்டம்பரில் போக வேண்டுமென்றால் தங்குமிடத்துக்கு ஜனவரியிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். லிப்ஸ்டாட் பெண்கள் பந்துருட்டும் சங்கத்தில் அந்தப் பொறுப்பு எப்போதும் அன்னெக்ரெட்டுடையது. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். யாரை எப்போது எங்கே உட்கார வைப்பது என்பது அவளுக்குக் கைவந்த விஷயம். மியூனிக்கில் அறை தேடி அலைவதை விட்டுவிட்டு, ரயிலில் சற்று தூரம் தள்ளி ஆக்ஸ்பர்க்கில் வைபெல் அம்மாளின் சின்ன விடுதியைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

அந்த ஜனவரியிலும் வழக்கம்போல் தொலைபேசியில் அழைத்தாள்.

"மறுபடி ஆறு பேரா?" என்று கேட்டாள் வைபெல் அம்மாள்.

"ஆமாங்க. எப்பவும் போல மூணு அறை."

மறுமுனையில் வைபெல் அம்மாள் பதிவேட்டைப் புரட்டினாள்.

"அறை இருக்கு. உங்களுக்கு இல்லாம யாருக்குக் கொடுக்கப் போறேன்? ஆனா ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேண்டாமான்னு போன வருஷத்துலேர்ந்து மனசுல கிடக்குது."

"சொல்லுங்க."

"அந்த சிவப்புக் கண்ணாடி போட்டவங்க. நீங்க கிளம்பின அப்புறம் என் பொண்ணு அந்த அறையைச் சுத்தம் பண்ணப் போனா. அலமாரியில போர்வைக்குப் பின்னாடி வோட்கா பாட்டில்கள். எல்லாம் காலி. திருவிழாவுக்கு வர்றவங்க குடிக்கத்தான் வருவாங்க, அதை நான் ஆயுசு பூரா பார்த்தாச்சு. ஒளிச்சு வெச்சு, விடிஞ்சதும் தனியா குடிக்கிறது வேற. என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். அவங்களைக் கூட்டிட்டு வராதீங்கன்னு சொல்லலை. தெரிஞ்சு கூட்டிட்டு வாங்க."

சிவப்புக் கண்ணாடி ரோஸ்விட்டாவுடையது. பள்ளி நாளிலிருந்து அன்னெக்ரெட்டின் தோழி. அன்னெக்ரெட் மூன்று அறைகளையும் உறுதி செய்துவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். அன்று மத்தியானம் மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

சங்கம் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை கூடும். பழைய உணவு விடுதி ஒன்றின் நிலவறையில், பந்தை உருட்டி மரக்கட்டைகளைச் சாய்க்கும் தளம். மரத்தரையில் பந்து ஓடும் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும். பயணத் திட்டத்தை அன்னெக்ரெட் சொல்ல ஆரம்பித்ததுமே கெர்லிண்டே குறுக்கிட்டாள். இறைச்சிக்கடை நடத்துகிறவள். குரலும் கையும் பெரியவை.

"ஏன்டி, இந்த வருஷமும் ஆக்ஸ்பர்க்தானா? மியூனிக்லயே ஒரு இடம் பிடிக்கத் தெரியாதா உனக்கு?"

"அந்த வாரம் மியூனிக்ல கோழிக்கூண்டு கூட காலி கிடையாது."

"கிடைச்சாலும் நான் புரண்டு படுத்தா கூண்டு உடைஞ்சிடும். சரி, திரும்பி வர்றப்போ ரோஸ்விட்டாவை மறுபடி பாசிங்ல இறக்கி விட்டுடுவோம். ஒரு கட்டில் மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். முந்தைய ஆண்டு திருவிழாவிலிருந்து சாயங்கால ரயிலில் திரும்பும்போது, மற்றவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில் ரோஸ்விட்டா பாசிங் நிலையத்தில் இறங்கிவிட்டாள். அடுத்த ரயிலில் போய்ப் பார்த்தபோது ஒரு கால் செருப்பில்லாமல் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதையை நாலு மாதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதிகம் சிரிப்பவள் ரோஸ்விட்டாதான்.

"இந்த வருஷம் செருப்பைக் காலோட சேர்த்துத் தைச்சுக்கிட்டு வர்றேன்" என்றாள் அவள். எதிரில் சோடாத் தண்ணீர் இருந்தது. நிலவறையில் அவள் அதைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை. ஆனால் அன்றைக்குக் கைப்பையோடு அடிக்கடி கழிப்பறைக்குப் போய்வந்தாள். அன்னெக்ரெட் முதல் முறையாக அதைக் கவனித்தாள். பிறகு கெர்லிண்டேயும் அதையே கவனித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். இருவரும் கண்ணை விலக்கிக்கொண்டார்கள்.

"என்னை யார்கூடப் போடப் போற?" என்று கேட்டாள் ரோஸ்விட்டா.

"என்கூட" என்றாள் அன்னெக்ரெட்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பேரங்காடிக்குப் பின்னால் கண்ணாடிக் கழிவுத் தொட்டிகள் இருக்கும் இடத்தில் டெட்லெஃபைப் பார்த்தாள். ரோஸ்விட்டாவின் கணவன், பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். இரண்டு பைகளிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தான். உடையும் சத்தம் கேட்காமலிருக்க, கையை உள்ளே நீட்டி மெதுவாக விட்டான். அன்னெக்ரெட்டைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் பைக்குள் திருப்பி வைக்கப் போனவன், வைக்கவில்லை.

"எங்க தெருவுலயே தொட்டி இருக்கு. அங்க போட முடியலை" என்றான்.

"எவ்வளவு நாளா, டெட்லெஃப்?"

"அவ அம்மா செத்ததுலேர்ந்து. இல்லை, அதுக்கு முன்னாடியே. தெரியலை. நான் பார்த்ததிலேர்ந்துதான் எனக்குத் தெரியும்." கடைசிப் பாட்டிலையும் போட்டான். "செப்டம்பர்ல அவளைக் கூட்டிட்டுப் போயிடு, அன்னெக்ரெட். விட்டுட்டுப் போயிடாதே. உங்களோட இருக்கிற அந்தக் கொஞ்ச நாள்தான் நான் தூங்குறேன். மத்த நாள் அவ மாடிப்படி இறங்கறாளான்னு காது கொடுத்துக்கிட்டுப் படுத்திருப்பேன்."

அன்னெக்ரெட் காலிப் பைகளை மடிக்க அவனுக்கு உதவினாள்.

அடுத்த நாள் ரோஸ்விட்டாவின் வீட்டுக்குப் போனாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. ஆக்ஸ்பர்க் அலமாரியைப் பற்றிச் சொன்னாள். கழிப்பறைக்குப் போகும் கைப்பையைப் பற்றியும் சொன்னாள். டெட்லெஃபைப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

ரோஸ்விட்டா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஆறு பொம்பளைங்க ரயில் ஏறி பீர் குடிக்கப் போறோம். லிட்டர் லிட்டரா. கெர்லிண்டே ரெண்டு குவளை குடிச்சிட்டு பெஞ்சுமேல ஏறி ஆடுவா, அது கொண்டாட்டம். நான் குடிச்சா வியாதி. அப்படித்தானே?"

"கெர்லிண்டே திங்கட்கிழமை காலையில கறி வெட்டுறா, ரோஸ்விட்டா. கை நடுங்காம வெட்டுறா."

"வெளியே போ."

"நான்..."

"வெளியே போடின்னு சொன்னேன். உன் ரயில், உன் அறை, உன் திட்டம். என்னையும் அதுல ஒரு கட்டத்துல எழுதி வைக்கலாம்னு பார்க்கிறியா? போ."

அதன்பின் ரோஸ்விட்டா வியாழக்கிழமைகளில் வரவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள். முதுகுவலி என்று டெட்லெஃப் சொல்லியனுப்பினான். கெர்லிண்டே மட்டும் ஒருநாள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமலே நின்றாள். "அவளைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தா அது விளையாட்டாவே இருந்துடும்னு நினைச்சேன்" என்றாள்.

ஜூலையில் ஒரு காலை, பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு எதிரே ரோஸ்விட்டா வந்து நின்றாள். இளைத்திருந்தாள். நெற்றியில் ஆறிய காயத்தின் தழும்பு.

"பல்லு வலி இல்லை" என்றாள். "ஒரு நிமிஷம் வெளிய வர்றியா?"

வாசலில், சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் நின்று பேசினார்கள். மே மாதத்தில் படிக்கட்டில் விழுந்திருக்கிறாள். மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர் அவளைத் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. இப்படியே போனால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொன்னார். ஃபுல்டா நகருக்கு அப்பால் மலையில் இருக்கும் ஒரு குடிமறப்பு நிலையத்துக்கு அவளே விண்ணப்பித்திருந்தாள். இடம் கிடைத்துவிட்டது.

"எந்தத் தேதின்னு கேளு" என்றாள். "நீங்க மியூனிக் கிளம்புற அதே சனிக்கிழமை. நான் சிரிச்சேன். அந்தப் பக்கம் போன்ல இருந்தவங்களுக்கு ஏன்னு புரியலை."

"டெட்லெஃப் கார்ல கொண்டு விடட்டுமே."

"அவர் ஓட்டினா நான் பேசிப் பேசியே வண்டியைத் திருப்ப வெச்சுடுவேன். அவரைத் திருப்பறது எனக்குச் சுலபம். ரயிலைத் திருப்ப முடியாது. ஆனா தனியா போனா, கஸ்ஸெல்ல வண்டி மாறுறப்போ ஸ்டேஷன் கடைக்குப் போயிடுவேன். அதுவும் எனக்குத் தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீதானே எல்லாருக்கும் ரயில் போடுறவ. எனக்கும் ஒண்ணு போடு."

அன்னெக்ரெட் அன்று சாயங்காலமே உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தினாள். லிப்ஸ்டாட்டிலிருந்து கஸ்ஸெல் வரை எல்லோரும் ஒன்றாக. அங்கே ஆக்ஸ்பர்க் போகும் அதிவேக ரயில். ஃபுல்டாவில் ரோஸ்விட்டாவும் அவளும் இறங்குவார்கள். மற்ற நால்வரும் அப்படியே போவார்கள். அவளை மலையில் விட்டுவிட்டு அன்னெக்ரெட் பின்னால் வருவாள். விடுதிக்கு அழைத்து ஐந்து பேர்தான் என்றாள். வைபெல் அம்மாள் காரணம் கேட்கவில்லை. "அந்தம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க" என்றாள்.

சங்கத்தில் ரோஸ்விட்டாவே வந்து எல்லோரிடமும் சொன்னாள். நின்றுகொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. அவள் முடித்ததும் கெர்லிண்டே, "அப்போ யாரும் போக வேண்டாம். மியூனிக் எங்க ஓடிடப் போகுது?" என்றாள்.

"போகணும். நான் குடிக்கிறதுக்காக நீங்க வீட்டுல உட்கார்ந்தா, அங்க படுத்துக்கிட்டு நான் உங்களையும் சேர்த்துச் சுமக்கணும். போங்க."

செப்டம்பர் சனிக்கிழமை குளிர்ந்திருந்தது. மற்ற வருடங்களில் பாடர்போர்ன் தாண்டியதும் ஷாம்பெயின் மூடி பறக்கும். இம்முறை கெர்லிண்டே ஒரு பெரிய குடுவையில் காப்பியும், கடையில் வறுத்த இறைச்சி உருண்டைகளும் கொண்டுவந்திருந்தாள். அவர்கள் வீட்டு நாய்களைப் பற்றிப் பேசினார்கள். கஸ்ஸெல்லில் வண்டி மாறியபோது அன்னெக்ரெட் ரோஸ்விட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ரோஸ்விட்டா கடைகளின் பக்கம் திரும்பவில்லை.

அன்னெக்ரெட் கணக்கில் எடுக்காதது ஒன்று இருந்தது. திருவிழாவின் முதல் சனிக்கிழமை தெற்கே போகும் ரயிலில் வேறு யார் இருப்பார்கள்? பெட்டி முழுக்கத் திருவிழா உடையான தோல் அரைக்கால்சட்டை போட்ட ஆண்கள். இருக்கைகளுக்கு நடுவே பீர்ப் பெட்டிகள். காற்றே புளித்த வாசனை. பாட்டு. அதே திருவிழாக் கோலத்தில் இறுக்கமான ரவிக்கையும் ஏப்ரனும் அணிந்திருந்த தோழிகள் நால்வரையும் பார்த்ததும் ஒரு உற்சாகக் கூச்சல். சிவந்த முகமுள்ள ஒருவன் குட்டிச் சாராய பாட்டில்கள் செருகிய பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்துக்கொண்டே வந்தவன் ரோஸ்விட்டாவின் கையிலும் ஒன்றை வைத்துவிட்டான்.

"நீங்க ரெண்டு பேர் மட்டும் ஏன் சாதாரண உடுப்புல இருக்கீங்க, மேடம்? யாராவது செத்துட்டாங்களா?"

கெர்லிண்டே எழுந்தாள். "டேய், அந்தப் பெல்ட்டைக் கழட்டி உன் கழுத்துல மாட்டிடுவேன். போடா அந்தப் பக்கம்."

அவன் சிரித்துக்கொண்டே பின்வாங்கினான். கெர்லிண்டே திரும்பியபோது ரோஸ்விட்டாவின் இருக்கை காலியாக இருந்தது.

அன்னெக்ரெட் கழிப்பறைக் கதவருகே போய் நின்றாள். கதவைத் தட்டவில்லை. வெளியே மலைகளும் அறுத்த வயல்களும் ஓடின. அறிவிப்பு வந்தது. அடுத்து ஃபுல்டா.

கதவு திறந்தது. ரோஸ்விட்டா காலி பாட்டிலை நீட்டினாள்.

"குடிச்சிட்டேன்" என்றாள். "உள்ள கொட்டணும்னுதான் போனேன். குடிச்சிட்டேன். இனிமே அங்க என்னை எடுத்துக்க மாட்டாங்க. வா, உங்களோட மியூனிக் வந்துடறேன். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. அதோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அன்னெக்ரெட்டைப் பயமுறுத்தியது அந்த நிம்மதிதான்.

"எடுத்துக்கறாங்களா இல்லையான்னு அவங்க சொல்லட்டும். நீ சொல்லாதே. பெட்டியை எடு."

"அன்னெக்ரெட்..."

"இறங்குடி."

கெர்லிண்டே அதற்குள் பெட்டியைக் கதவருகே கொண்டுவந்திருந்தாள். நடைமேடையில் இறக்கி வைத்துவிட்டு ரோஸ்விட்டாவை ஒரு முறை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்த வாசனை கெர்லிண்டேவுக்குத் தெரிந்திருக்கும். ஓடிப்போய் மறுபடி ரயிலில் ஏறிக்கொண்டாள். கதவு மூடியது. ஆட்டமும் பாட்டுமாக ரயில் நகர்ந்தது.

இருவரும் மலைக்குப் போகும் பேருந்தில் ஏறினார்கள். குடிமறப்பு நிலையத்தில் ஒரு ஆண் செவிலியர் ரோஸ்விட்டாவை உட்கார வைத்து, ஒரு குழாயில் ஊதச் சொல்லி, கருவி காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"ஃபுல்டா வர்றதுக்குச் சித்த முன்னாடி. ரயில்ல."

"சரி" என்றார் அவர், பக்கத்து வீட்டு விலாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் போல. "பாதிப் பேர் வழியில குடிச்சிட்டுத்தான் வர்றாங்க. முதல்ல உடம்பு தெளியற பிரிவுல படுத்துக்கங்க. மத்தது அப்புறம்."

ரோஸ்விட்டா அழ ஆரம்பித்தது அப்போதுதான். அந்தக் கேள்விக்குப் பல வருடங்களில் அவள் சொன்ன முதல் உண்மையான பதில் அது என்று பின்னால் அன்னெக்ரெட்டிடம் சொன்னாள்.

அன்னெக்ரெட் ஆக்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நால்வரும் மியூனிக் போகாமல் விடுதியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வைபெல் அம்மாள் எல்லோருக்கும் சூப் கொடுத்தாள். மறுநாள் திருவிழாக் கூடாரத்துக்குப் போனார்கள், கோழி சாப்பிட்டார்கள், ஆளுக்கொரு குவளை குடித்தார்கள். கெர்லிண்டே பெஞ்சின் மேல் ஏறவில்லை. மத்தியானத்திலேயே திரும்பிவிட்டார்கள்.

ரோஸ்விட்டா குளிர்காலத்தில் வீடு திரும்பினாள். ஏப்ரலில் மறுபடி குடித்தாள். வாரக்கணக்கில் குடித்தாள். டெட்லெஃப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். ஒரு வியாழக்கிழமை அவள் தானாகவே நிலவறைக்கு வந்தாள்.

"நாளைக்குத் திரும்ப அங்க போறேன்" என்றாள். "இந்தத் தடவை யாரும் கூட வர வேண்டாம்."

"கஸ்ஸெல்ல மாறணுமே" என்றாள் அன்னெக்ரெட், வாய் முந்திக்கொண்டு.

"தெரியும்டி. மூணாவது நடைமேடை."

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னெக்ரெட்டும் கெர்லிண்டேயும் அவளைப் பார்க்கப் போனார்கள். கெர்லிண்டே இறைச்சி உருண்டைகள் கொண்டுபோயிருந்தாள். மூவரும் குடிமறப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் ஏறினார்கள். பாதி வழியில் கெர்லிண்டே மூச்சு வாங்கி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ரோஸ்விட்டா கொஞ்சம் மேலே போய், காத்திருந்து, திரும்பி வந்து அவளுக்குக் கை கொடுத்தாள். கை நடுங்கியது. அதை அவள் மறைக்கவில்லை. கெர்லிண்டே அந்தக் கையைப் பிடித்து எழுந்து, மேலே போய்ச் சேரும்வரை விடாமலே நடந்தாள்.