கத்திரித் தாளம்

என் மகள் டின்சியும் அவள் கூட்டாளி சுஜினும் சேர்ந்து ஒரு ராக் பாட்டு வெளியிட்டார்கள். எஸ்டேட் சனமெல்லாம் ஒன்று என்பதுதான் பாட்டு. நாங்கள் கத்தோலிக்கர், சுஜின் வீடு சி.எஸ்.ஐ. சபை. எங்கள் கோயிலில் அதை அவர்கள் பாட்டு என்றார்கள். அவர்கள் கோயிலில் எங்கள் பாட்டு என்றார்கள். மூணாறில் எங்கள் லயத்து வீடுகளில் ஒருத்தரும் காது கொடுக்கவில்லை.

"நம்ம ஆளுவளே கேக்காத பாட்டு எதுக்கும்மா? சாயங்காலம் யூடியூப்ல இருந்து எடுத்துருதேன்," என்றாள் டின்சி.

வீடு வீடாகப் போய் வாதாட எனக்குத் தெம்பில்லை. மலையில் கத்திரியால் தேயிலைக் கொழுந்து வெட்டும்போது போனை இடுப்பில் சொருகி, பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

பக்கத்து நிரையில் சுஜினின் அத்தை ஞானஜோதி நிமிர்ந்தாள். "ஏட்டி, இதுல மேளத்தையே காணும்? கத்திரிச் சத்தமுல்லா கேக்கு."

"நாம கொழுந்து வெட்டுத சத்தத்தத்தான் ஒங்க மருமவன் பதிஞ்சு மேளமாக்கியிருக்கான். ஒங்க கத்திரியும் அதுல இருக்கு மயினி."

"களவாணிப்பய," என்றாள். ஆனால் அவள் கத்திரி அதற்குள் பாட்டோடு சேர்ந்துகொண்டது. என்னுடையதும் சேர்ந்தது. பிறகு மேல் நிரை, கீழ் நிரை என்று மலை முழுக்க ஒரே தாளம்.

சூப்பர்வைசர் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"கொழுந்து கூடத்தான சார் விழுது," என்ற ஞானஜோதி என் பக்கம் திரும்பினாள். "இன்னொருக்கா போடுட்டி."

எடை போடுகிற இடத்தில் இரண்டு கோயில் பெண்களும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அங்கிருந்தே டின்சிக்குப் போன் பண்ணினேன். "பாட்டை எடுத்துராத. கிறிஸ்மசுக்கு ரெண்டு கோயில்லயும் நீங்கதான் பாடணுமாம். எந்தக் கோயில்ல மொதல்லன்னுதான் இங்க சண்டை நடக்கு."