மையவாடி தெரிந்த கோடை

நனைத்த பஞ்சை ரினோஸா தன் தாயின் உதட்டில் வைத்தபோது, மஸ்கெலியாப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் மழை வேண்டும் பிரார்த்தனை தொடங்கியது. ஒவ்வொரு வேண்டுதலுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து "ஆமீன்" எழுந்தது. தாய் மரியம்பீவி மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"உம்மா, ஆமீன் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். மழ வந்தா ஒன் நானா மறுபடி தண்ணிக்குள்ள போயிருவான்."

ரினோஸா பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்ட அந்த அண்ணனைப் பழைய ஊரின் மையவாடியில் அடக்கியிருந்தார்கள். அணை கட்டியபோது ஊரோடு அதுவும் நீர்த்தேக்கத்தில் மூழ்கிற்று. இவ்வருட வறட்சியில்தான் அதன் கல்லறைகளில் நட்ட மீஸான் கற்கள் சேற்றுக்கு மேலே தெரிந்தன.

"பூமி அல்லாஹ் நம்ம பொறுப்புல தந்த அமானிதம். நாம கெடுத்துட்டோம், அதான் மழ இல்லன்னு லண்டன் பள்ளிவாசல்லயும் பயான் பண்றாங்க உம்மா."

"நாமன்னா யாரு? லண்டன்காரங்களா, நாங்களா? நீ ஏறி வந்த பிளேன் பச்சத்தண்ணியிலயா ஓடுது?" சிரிக்க முயன்றவருக்கு மூச்சு வாங்கியது. "கெட்டதுனாலதான் எம் புள்ள வெளிய வந்தான். அவன் பக்கத்துல என்னய வைக்கச் சொல்லு."

வெயில் ஏறுமுன் மூச்சடங்கி அவர் மௌத்தானார்.

தாயின் விருப்பத்தை, தாய்மாமன் சைனுலிடம் ரினோஸா தயங்கியவாறே தெரிவித்தாள்.

"காஞ்ச சேறு, குழி தோண்டிறலாம்மா. ஆனா அவள அங்க வச்சிட்டு, பின்னேரம் எந்த மொகத்தோட மழைக்குத் தொழுவேன்? தோட்டத்து லயத்துப் பொம்பளைங்க ஒரு கொடம் தண்ணிக்கு மலையச் சுத்துறாங்க."

உள்ளறையில் தாயின் மையத்தைக் குளிப்பாட்டும் பெண்கள் அளந்து அளந்து நீர் வார்க்கும் ஓசை கேட்டது. ஓசை நிற்கும்வரை ரினோஸா காத்திருந்தாள்.

"மேல, புது மையவாடியிலயே அடக்குங்க மாமா."

அடக்கம் முடித்த ஆண்கள் அப்படியே மைதானத்தில் மழைத் தொழுகைக்கு நின்றனர். அவள் ஜன்னலோரம் நின்று பார்த்தாள். இறுதியில், நிலைமை புரளட்டும் என்ற வேண்டுதலாக, அவரவர் மேலாடையைப் புரட்டி அணிந்தனர். சைனுல் மாமாவுக்குக் கோட்டின் ஒரு கை சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் அதை மெல்ல இழுத்துவிட்டார்.

மைதானத்துக்கு அப்பால், வற்றிய நீர்த்தேக்கம் வெளுத்துக் கிடந்தது.

ரினோஸா தன் சால்வையைக் கழற்றினாள். சற்று நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, தோளில் போர்த்திக்கொண்டாள்.