அக்காவுக்கு வயது அறுபத்தொன்று

சாப்பாட்டு மேசையைச் சுற்றி அன்று இருந்தவர்கள்: அப்பா, அக்கா, அக்காவின் கணவர், நான். நடுவில் அம்மாவின் கைப்பேசி. அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாம். செத்துச் சில மாதம் ஆகியிருந்தாலும் கூட்டம் அவளுக்காகத்தான்.

அம்மா தனக்குத்தானே குரல் செய்தி அனுப்பிக்கொள்கிறவள். மறதிக்கு அவள் கண்டுபிடித்த மருந்து அது. சோப்பு வாங்கு, கரண்ட் பில் கட்டு என்று தன்னையே திட்டிப் பேசிவைத்து, பிறகு போட்டுக் கேட்பாள். அவள் போன பிறகு அவற்றை அப்பா போட்டுக் கேட்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மாத்திரை மாதிரி.

அப்புறம் அந்தப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இணையத்தில் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காம். கணக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேமரா முன்னால் முகத்தைக் காட்டித் தாங்கள் குழந்தை இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அரசுப் பதிவில் உள்ள படத்தோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். அம்மாவின் கணக்கு பூட்டிக்கொண்டது. மாதக் கடைசிக்குள் அவள் முகம் காட்டாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

"செத்தவளுக்குப் பதினெட்டு ஆச்சான்னு கேக்கறானுங்க," என்றார் அப்பா. "தெருவுல இருக்கற பொடிசுங்க எல்லாம் பெரியப்பன் மூஞ்சியக் காட்டிட்டு ஜம்முனு உள்ள போகுது."

"வி.பி.என். போட்டுப் பாக்கலாம் மாமா," என்றார் அத்தான். "நான் ஒரு வருஷமா ஃபோன்ல வேற நாட்டுலதான் இருக்கேன். வாடகை மட்டும் இங்க கட்டறேன்."

"அங்கயே இருங்க. சோறும் அங்கயே தின்னுக்கோங்க," என்றாள் அக்கா.

அத்தான் போட்டுப் பார்த்தார். அந்தச் செயலியும் இப்போது முகம் கேட்டது. அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

முகப் பதிவு அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தாகிவிட்டது. கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். இறந்தவர் கணக்கைத் திறக்க வழி இல்லை, இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் மூட வழி இருக்கிறது என்றாள்.

அக்கா கைப்பேசியை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அக்கா அப்படியே அம்மா என்று ஊரே சொல்லும். இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். கண்ணை மூடித் திறக்கச் சொன்னது, திறந்தாள். பொருந்தவில்லை.

அப்பா சற்று நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தார்.

"இதப் போடு. முடிய இறுக்கிக் கட்டு. மோவாயக் கொஞ்சம் தூக்கு, அவ கண்ணாடியோட கீழ்ப்பாதியிலதான் பாப்பா. ம்... அப்படி இல்ல. யார் மேலயோ கோவம், ஆனா சொல்ல மாட்டே. அப்படிப் பாரு."

அக்கா அப்படிப் பார்த்தாள். அத்தான் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

உறுதி செய்யப்பட்டது. வயது: 61.

"பாத்தியா, ஒரே நிமிஷத்துல எனக்கு மாமியார் ஆயிட்டே," என்றார் அத்தான். அதற்குள் ஸ்பீக்கரில் அம்மா பேச ஆரம்பித்திருந்தாள். "ஏய், கேஸை மூடினியா? மூடலேன்னா எழுந்து போய் மூடு, சோம்பேறி." அப்பா எழுந்து அடுப்படிக்குப் போய் மூடிவிட்டு வந்தார்.

செய்திகளை எல்லாம் அன்றே அப்பாவின் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அக்கா ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறாள். உள்ளே போகவும் முகம், வெளியே வரவும் முகம். அந்த வாரம் கதவு திறக்கவில்லை. கதவோரத் திரையில் அம்மாவின் பெயர் வந்தது, ஊழியர் அல்லர் என்று. அவள் சொந்தக் கணக்கும் மூடியிருந்தது. ஒரு முகத்துக்கு ஒரு ஆள்தான், அவள் முகம் இப்போது அம்மாவின் பெயரில் இருந்தது. மேனேஜர் நல்ல மனிதர், அம்மாவின் பெயரையும் தற்காலிக ஊழியர் பட்டியலில் ஏற்றிவிட்டார். "இப்போதைக்கு உங்க அம்மாவா வந்துட்டுப் போங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"பேசாம சான்றிதழக் குடுத்து அம்மா கணக்க மூடிட்டா என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

"அதை மட்டும் செஞ்சிடாத."

எனக்குத் தெரியும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ராத்திரி ஷிஃப்டில் முகம் பார்த்தவன் நான். இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் எங்களிடம் அனுப்பும். ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான். சான்றிதழ் வந்தால் மூன்றாவது பொத்தான். அது கணக்கை மட்டும் மூடாது, முகத்தையே மூடும். அப்புறம் அந்த முகத்துக்கு எந்தக் கதவும் திறக்காது. அந்த வேலையையும் பாதியில் விட்டேன். நான் பொத்தானை அழுத்தி மூடிய முகங்கள் என்னை இன்னும் விடவில்லை.

"அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லாதடா," என்றாள் அக்கா. "தன்னாலதான்னு இடிஞ்சு போயிடுவார்."

சொல்லவில்லை.

அக்கா தினமும் கண்ணாடியைப் போட்டு, முடியை இறுக்கி, மோவாயைத் தூக்கிக் கதவு முன் நின்றாள். கொஞ்ச நாளில் வீட்டிலும் மோவாய் இறங்கவில்லை. கைப்பேசியைத் தூரப் பிடித்துப் படித்தாள். தன்னையே திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். அத்தான் ஜோக் அடிப்பதை நிறுத்தியிருந்தார். ஹாலில் படுக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலை அத்தானின் வண்டி பழுது. கிடங்குக்கு நான்தான் அக்காவைக் கூட்டிப் போனேன். இறங்கியவள் கண்ணாடிக்காகக் கைப்பைக்குள் கைவிட்டாள். அப்புறம் வேண்டாம் என்பதுபோல் வெறுங்கையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். என் கைப்பேசி அடித்தது. அப்பா.

"டேய், அந்த முகப் பதிவு ஆபீஸ்லதான் நிக்கறேன். நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரியாதா? அவ படற பாட்டைப் பாத்துக்கிட்டுதான இருக்கேன். குரல்தான் எங்கிட்ட வந்துடுச்சே, இனிமே அந்தக் கணக்கு எதுக்கு? சான்றிதழக் குடுத்துட்டேன். இப்பவே மூடிடறேன்னு இந்தப் பொண்ணு சொல்லுது."

"அக்கா! நில்லு!"

கண்ணாடி இல்லாமலே கதவு திறந்துவிட்டது. திரையில் அம்மாவின் பெயர். வாசற்படியில் காலை வைத்துவிட்டு அவள் திரும்பினாள், மோவாயைத் தூக்கிக்கொண்டு.

"என்னடா கத்தறே? வீட்ல கேஸை மூடினியா?"

நான் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவள் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். திரையிலிருந்து அம்மாவின் பெயர் மறைந்தது. அக்காவுக்குப் பின்னால் கதவு மூடியது. பூட்டு விழுந்தது.