அவளுக்கு ஒண்ணுமில்லைங்க

"செருப்பு மாட்ட இவ்வளவு நேரமா?" என்று வாசலில் நின்று கத்தினார் மெக்கானிக். வீங்கிய பாதத்தைச் செருப்புக்குள் திணித்துப் பார்த்துத் தோற்றுப்போன அவர் மனைவி, கடைசியில் அவருடைய பழைய செருப்பையே போட்டுக்கொண்டு கிளம்பினாள். போன வாரம் தையல் மிஷின் மேலேயே மயங்கிச் சரிந்திருந்தாள். அன்று எடுத்த பரிசோதனைகளின் முடிவு இன்றைக்கு.

டாக்டரம்மா காகிதங்களை இரண்டு தடவை பார்த்தார். அவளுடைய கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"எவ்வளவு நாளா வீக்கம்?"

"இப்பதாங்க, ரெண்டு நாளா," என்றார் மெக்கானிக்.

"ராத்திரி சிறுநீர் கழிக்க எத்தனை தடவை எந்திரிக்கிறாங்க?"

"எந்திரிக்கவே மாட்டா. அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவா."

"நுரையா போகுதா? சாப்பாடு இறங்குதா?"

"அதெல்லாம் நல்லா சாப்பிடுவா. முதுகுவலி மட்டும் உண்டு. மருந்துக்கடையில நானே மாத்திரை வாங்கிக் குடுத்துடுவேன். நாலு வருஷமா தினம் ரெண்டு."

தெருமுனையில் வரும் வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிறவர் அவர். மனுஷன் பொய் சொல்லவில்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரி சொன்னார், அவ்வளவுதான். நோவது பெண்டாட்டி உடம்பு, அதை டாக்டரிடம் சொல்வது புருஷன். இந்த ஏற்பாட்டை எந்தப் புண்ணியவான் செய்து வைத்தானோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒன்றரை வருஷமா வீங்குது. ராத்திரி நாலு தடவை எந்திரிப்பேன். நுரையாத்தான் போகுது. சாப்பாட்டைப் பாத்தாலே குமட்டுது. அவரு தூங்குறவரு, அவருக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக்கின் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

"ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் சுருங்கியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "பத்துல ஒரு பங்குதான் வேலை செய்யுது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சிறுநீர்ப் பரிசோதனை பண்ணியிருந்தாலே தெரிஞ்சிருக்கும். வலி மாத்திரையை நிறுத்தி, பிரஷருக்கு மருந்து குடுத்து, இதைத் தள்ளிப்போட்டிருக்கலாம். போனது இனி திரும்பாது. டயாலிசிஸ் ஆரம்பிக்கணும். வாரத்துல மூணு நாள்."

மெக்கானிக் வாய்விட்டு அழுதார். அந்த அழுகை நிஜம்தான். அவள் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள். தேற்றுகிற வேலையும் அவளுடையதுதான்.

டாக்டரம்மா சம்மதப் படிவத்தை அவள் முன்னால் வைத்து, அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார். "பயமா இருக்காம்மா? பண்ணிக்கச் சம்மதமா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"பயமெல்லாம் அவளுக்குக் கிடையாதுங்க," என்றார் மெக்கானிக், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சம்மதந்தான்."