ஷார்ஜாவில் தெரியும் நாடி

கடலைக் கொல்லையில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த பிரகதீஸ்வரியின் இடுப்பில் போன் அடித்தது. யாரென்று பார்க்க வேண்டியதே இல்லை. ஷார்ஜாவில் இருக்கும் அவள் கணவன் ஆத்மநாதன்தான்.

"என்ன பண்ற? நூத்திப் பதினெட்டு காட்டுது."

"களையெடுக்கிறேன்."

"களையெடுத்தா இவ்வளவு ஏறுமா?"

"வந்து எடுத்துப் பாருங்க, தெரியும்."

"கோவப்படாத. கோவப்பட்டா இன்னும் ஏறும். இந்தா பாரு, நூத்தி இருவத்திரண்டு ஆயிருச்சு."

அவள் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மணிக்கட்டில் இருந்த கறுப்பு வாட்சைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது.

போன வருஷம் அவளுக்கு எதற்கெடுத்தாலும் அசதி. முகம் ஊதி, குரல் தடித்து, வெயிலிலும் குளிர்ந்தது. புதுக்கோட்டையில் டாக்டர் ஷர்லியிடம் காட்டினாள். தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் போட ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் தேறினாள். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் கணக்கு சரியாக வரவில்லை என்று சித்திரையில் அதை நூறாக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் ஆத்மநாதன் லீவில் வல்லத்திராக்கோட்டைக்கு வந்தான். வந்த அன்றே அவள் கையில் இந்த வாட்சைக் கட்டி, இரண்டு போனிலும் எதையோ ஏற்றி இணைத்தான். "இனிமே ஒன் நாடித்துடிப்ப நான் அங்கேர்ந்தே பாத்துக்குவேன்" என்றான். பதினேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவன் இப்படி ஒன்று செய்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவன் விமானம் ஏறிய பிறகு படபடப்பு ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் பஸ்ஸுக்கு ஓடி வந்ததுபோல நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊசியில் நூல் கோர்த்தால் விரல் நடுங்கியது. உள்ளங்கை வேர்த்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. ரவிக்கை தொளதொளவென்று ஆனது.

டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தாள். எடுத்த பெண், "ரிவ்யூ அடுத்த மாசம்தாங்க. அதுவரைக்கும் டென்ஷன் ஆகாம இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதன்பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமியார் சொர்ணம், "அந்த மாத்திரையத் தூக்கிப் போடு ஆத்தா, எல்லாம் தானா அடங்கும்" என்றாள். பக்கத்து வீட்டு உண்ணாமலை, முட்டைக்கோஸ் தின்றதால்தான் இப்படி என்றாள். ஆத்மநாதன் காப்பியை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினாள். படபடப்போடு தலைவலியும் சேர்ந்துகொண்டது. அவனுடைய போனோ ஓயவில்லை. மாடு பிடித்துக் கட்டினால் போன். மாடிப்படி ஏறினால் போன். ஒருமுறை கோயிலில் சாமி கும்பிடும்போது அடித்து, குருக்கள் திரும்பி முறைத்தார்.

அன்று மதியம் மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பிரகதி கூடத்தில் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தாள். எதுவும் செய்யவில்லை. ஆனாலும் நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. போன் வந்தது.

"வீட்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல. அத்தை ரேஷனுக்குப் போயிருக்காக."

"நீ என்ன பண்ற?"

"படுத்திருக்கேன்."

"யாருமில்லாம, சும்மா படுத்திருக்கிறவளுக்கு எதுக்கு இவ்வளவு ஏறணும்?"

பிரகதி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

"இல்ல, என்ன கேட்டீங்கன்னு முழுசாச் சொல்லுங்க."

அவன் கேட்காமல் விட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் போனை முழுதாக அணைத்தாள். வாட்சைக் கழற்றி இரண்டையும் பீரோவுக்குள் போட்டுப் பூட்டினாள். அழுக்குத் துணியைக் கூடையில் அள்ளிக்கொண்டு, முன்கதவை உள்ளே தாழ்போட்டுவிட்டு, கொல்லைப்புறமாகப் பம்புசெட்டுக்குப் போனாள். தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் துணிகளைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஆத்மநாதனின் சட்டை ஒன்று பழைய துணிகளோடு வந்திருந்தது. அதற்கு மட்டும் கூடுதலாக விழுந்தது.

பாதித் துணி முடிவதற்குள் வரப்பில் ஆட்கள் ஓடிவந்தார்கள். முன்னால் கொழுந்தன் அஜித். பின்னால் உண்ணாமலை. அவர்களுக்குப் பின்னால் யார் யாரோ.

"அண்ணி! நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன?"

அஜித் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "அண்ணன் போன் பண்ணுச்சு. துடிப்பே காட்டல, போனும் போகல, ஓடிப் போய்ப் பாருடான்னு ஒரே அழுகை. வீட்ல கூப்பிட்டுப் பாத்தோம், சத்தமே இல்ல. அதான் கதவ..."

"கதவ?"

"தாழ்ப்பாள் மட்டுந்தான் ஒடைஞ்சிருக்கு அண்ணி."

ரேஷன் கடை வாசலில் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக உண்ணாமலை சொன்னாள். பிரகதி கையிலிருந்த துணியைத் தொட்டிக்குள் விட்டெறிந்தாள்.

"ஒன் கார் எங்கிட்டு நிக்கிது?"

"ரோட்ல."

"எடு. புதுக்கோட்டைக்குப் போவோம். ரிவ்யூ தேதி வர்றதுக்குள்ள நீங்கள்லாம் சேந்து எனக்குப் பால் ஊத்திருவீங்க."

ஈரச் சேலையோடுதான் கிளினிக்குக்குள் நுழைந்தாள். போனில் பேசிய அதே பெண்தான் மேசையில் இருந்தாள். "அப்பாயிண்ட்மென்ட் இருக்குங்களா?"

"நான் செத்துட்டேன்னு எங்க ஊர்ல கதவ ஒடைச்சிட்டாங்க. இன்னைக்குப் பாத்தாத்தான் இந்த எடத்த விட்டு எந்திரிப்பேன். டாக்டர்கிட்ட இதையே சொல்லுங்க."

டாக்டர் ஷர்லி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. இசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எடை பார்த்தார்கள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். போன் பண்ணினேன் டாக்டர். டென்ஷன் ஆகாதன்னு சொன்னாங்க. அன்னையிலேர்ந்துதான் டென்ஷன்."

டாக்டர் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அதில் வெளியே இருந்த பெண்ணுக்கு ஏதோ இருந்தது.

சாயங்காலம் முடிவு வந்தது. "மாத்திரை ஒங்களுக்கு அதிகமாயிருச்சு. அதான் இதயம் வேகமா அடிக்குது, எடையும் கொறைஞ்சிருக்கு. எழுபத்தஞ்சா கொறைக்கிறேன். நீங்களா நிறுத்தக் கூடாது. உடனே அடங்காது, சில வாரம் ஆகும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம். நடுவுல நெஞ்சுவலி, மயக்கம், மூச்சு முட்டல் எது வந்தாலும் தேதி பாக்காம வாங்க."

"என்மேல தப்பு இல்லையே டாக்டர்?"

"ஒங்கமேல என்ன தப்பு?"

அதைக் கேட்டதும் பிரகதிக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நாளும் தன்மேல்தான் ஏதோ குற்றம் என்பதுபோலவே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

வீட்டுக்கு வந்து போனை உயிர்ப்பித்தவுடன் அடித்தது. வீடியோவில் ஆத்மநாதனின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"ஏன் கழட்டுன?" என்றான்.

"மாத்திரை அதிகமாம். அதான் ஏறுச்சு. வீட்ல வேற யாருமில்ல. மாத்திரைதான் இருந்துச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நம்ம சேரன் இருந்தான்ல, விராலிமலைக்காரன், எனக்குப் பக்கத்துக் கட்டிலு" என்றான்.

"ஆமா."

"அவன் ஊருக்குப் போயிட்டான்னு ஒங்கிட்டச் சொன்னேன்ல, போகலடி. எறந்துட்டான். நான் லீவுக்கு வர்றதுக்குக் கொஞ்ச நாள் முந்தி. ராத்திரி ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். காலையில டூட்டிக்கு எழுப்புறேன், கை சில்லுன்னு இருக்கு. ஹார்ட்டாம். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. நீயும் அப்பத்தான் மாத்திரை கூட்டியிருந்த. அதான் வாட்ச வாங்குனேன். இன்னைக்கு என்னவோ, புத்தி கெட்டுப் போய்த் தப்பாக் கேட்டுட்டேன்."

பிரகதிக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. "அத வந்தன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

"நீ பயந்துருவேன்னுதான்."

"ஊரே பயந்து போய்க் கெடக்கு. ஒங்க அம்மா இன்னும் சோறு திங்கல." மூச்சை இழுத்து விட்டாள். "இனிமே நான் அதக் கட்ட மாட்டேன். எப்படி இருக்கேன்னு கேளுங்க. சொல்றேன். சொன்னா நம்பணும்."

"சரி."

"நீங்க ஒங்க ஒடம்பக் காட்டுனீங்களா?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தான..."

"போய்க் காட்டுங்க."

அவனை டாக்டரிடம் அனுப்ப நாலு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் போனான். ரத்தக்கொதிப்பு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

பிரகதியின் படபடப்பு மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் பழையபடி அடிக்கும். மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம் கண்ணயர்ந்து, மாமியார் வந்து தட்டி எழுப்பும்வரை தூங்கினாள். ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்தபோது கணக்கு சரியாக வந்திருந்தது. இதே அளவு தொடரட்டும் என்றார் டாக்டர்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே, அதைச் சொல்ல அவளே ஆத்மநாதனைக் கூப்பிட்டாள். அவனுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

"ஒங்களுக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. இப்ப மாத்திரைகூடப் போடுறதில்ல. தல சுத்துச்சு, நிறுத்திட்டேன்."

"டாக்டரக் கேட்டீங்களா?"

"இல்ல, பக்கத்து ரூம்காரர் சொன்னாரு..."

நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பிரகதி போட்ட சத்தத்தில், கடலை விற்கிறவர் தன் கூவலை நிறுத்திவிட்டார்.