பச்சை நூல் கட்டிய ஜாடி

"முதலாளி! முதலாளி!"

பின்கட்டிலிருந்து வந்த கூச்சலில் கோரிப்பாளையம் மருந்துக் கடையே அதிர்ந்தது. மருந்து கலக்கும் கம்பவுண்டர் அப்துல் அலீம் ஒரு ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"திருப்பரங்குன்றம் போக வேண்டிய காய்ச்சல் மருந்து இங்கேயே இருக்கு. சிரங்குக்குத் தடவுற மருந்து அங்க போயிருச்சு. நூலை மாத்திக் கட்டிட்டேன்!"

"ஆரும் குடிச்சா?"

"ஆளைக் கொல்ல ஒரு அவுன்ஸ் போதும், முதலாளி."

முதலாளி சிஹாபுதீன் கல்லாவைக்கூடப் பூட்டாமல் தெருவில் இறங்கி வாடகைக் காரைக் கூப்பிட்டார். யுத்தத்தால் லேபிள் காகிதம் கிடைக்காமல் போனதும், குடிக்கிற மருந்துக்குப் பச்சை நூல், தடவுகிற விஷ மருந்துக்குச் சிவப்பு நூல் என்று ஏற்பாடு செய்தவரே அவர்தான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒற்றைக் கதவுக் கடை. தானே கலக்கி, தானே நின்று விற்றார். இன்று மதுரையைச் சுற்றி ஏழு கடைகள். மருந்தைக் கோரிப்பாளையத்தில் மொத்தமாகக் கலக்கி, காலை பஸ்ஸில் ஜாடி ஜாடியாக அனுப்பிவிடுவார்கள். மற்றக் கடைகளுக்கு அவர் போவதே அபூர்வம்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய அந்தக் கார் வைகைப் பாலத்தில் முக்கி முனகியது. "யா அல்லாஹ், ஆரும் வாங்கியிருக்கக் கூடாது" என்று வழி நெடுக அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

திருப்பரங்குன்றம் கடையின் விற்பனையாள் கண்ணுச்சாமி எழுந்து நின்றான். "வாங்க முதலாளி! என்ன, சொல்லாமக் கொள்ளாம..."

"காலையில வந்த ஜாடியைத் தொடாதே! வித்தியா?"

"ஒரே ஒரு சீசா. தென்கால் கண்மாய்க்கரை மாயக்காள் வாங்கிட்டுப் போச்சு. புள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சலாம். போயி ரெண்டு மணி நேரம் இருக்கும்."

கண்மாய்க்கரை வரைதான் கார் போகும். வரப்பில் கண்ணுச்சாமி முன்னே ஓட, அறுபது வயது சிஹாபுதீன் இரண்டு முறை விழுந்து எழுந்தார். குடிசை வாசலில் நாலைந்து பெண்கள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

உள்ளே கட்டிலில் பிள்ளை கண் மூடிக் கிடந்தது. நெற்றியைத் தொட்டார். அனலாய்க் கொதித்தது. மூச்சு இருந்தது!

"மருந்து குடுத்தியாத்தா?"

"இன்னும் குடுக்கலீங்க" என்றாள் மாயக்காள். அவள் பார்வை போன திக்கில், முற்றத்து மூலையில், கால் விறைத்துக் கிடந்தது ஒரு கோழி.

"சின்னப்புள்ளையா எங்கய்யாவோட கோரிப்பாளையம் கடைக்கு வாரப்ப, நீங்க ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டிட்டுத்தேன் சீசாவைக் குடுப்பீக, ராவுத்தரய்யா. இப்ப உங்க கடையில ஆரும் குடிச்சுக் காட்டுறதில்ல. அதேன் இந்த ஊர்ல அம்புட்டுப் பேரும் முதல்ல கோழிக்கு ஊத்திப் பாக்குறோம்."