ஆல்டனா, பெல்மியரா

என் மகள் வில்லாவுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று நான் படித்த ஆல்டன். இன்னொன்று என் முன்னாள் கணவன் கர்ட்டிஸின் இந்நாள் மனைவி ஆட்ரா படித்த பெல்மியர். மே முதல் தேதிக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். அவள் யோசித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டுமே சின்னக் கல்லூரிகள். இரண்டிலும் தத்துவமும் உயிரியலும் கவிதையும் கலந்து படிக்கலாம். இரண்டிலும் பேராசிரியர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், வீட்டுக்கு அழைத்து சூப் கொடுப்பார்கள். ஆல்டன் எங்கள் வெர்மான்ட் மலையிலேயே இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டுப் போகலாம். பெல்மியர் ஒஹாயோவில், சோளக்காட்டுக்கு நடுவில். ஒரு பகல் முழுக்க ஓட்டினால்தான் போய்ச் சேர முடியும். அந்த ஆட்ரா மட்டும் அங்கே படித்திருக்காவிட்டால் பெல்மியர் என்ற பேச்சே எங்கள் வீட்டுக்குள் வந்திருக்காது.

ஆட்ராவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் எரிச்சல். குரலை உயர்த்த மாட்டாள். கர்ட்டிஸ் என்னை விட்டுப் போய் வெகுநாள் கழித்துத்தான் அவளைச் சந்தித்தான், அதனால் வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. வில்லா ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. அங்கிருந்து வரும்போது தலையில் புதிதாக ஒரு பின்னல் இருக்கும். நானும் ஒருமுறை பின்னிப் பார்த்தேன். "இறுக்குதும்மா" என்று அவிழ்த்துவிட்டாள்.

ஏப்ரலில் அவளை ஆல்டனுக்கு அழைத்துப் போனேன். சுற்றிக் காட்டிய மாணவன் எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து பேசினான். மணிக்கூண்டுக் கட்டடம் முதலில் நூலகமாக இருந்தது என்றான். "இல்லப்பா, சாப்பாட்டுக் கூடம்" என்றேன். அதற்கப்புறம் அவன் ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான், கடைசியில் ஒரு பெஞ்சில் இடித்துக்கொண்டான். நான் தங்கியிருந்த அறையையும் வில்லாவுக்குக் காட்டினேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பெண் எழுந்து கதவைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. வில்லா காதுவரை சிவந்து நின்றாள். குளிர் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஆட்ரா அவளை பெல்மியருக்குக் கூட்டிப் போனாள். வில்லா காலணியெல்லாம் சேறாக, முகத்தில் ஒரு சிரிப்போடு திரும்பி வந்தாள்.

"ஆட்ரா என்னல்லாம் காட்டினா?"

"ஒண்ணும் காட்டல. கேட்ல எறக்கி விட்டுட்டு ஊருக்குள்ள போயிட்டாங்க. மறுநாள்தான் வந்து கூட்டிக்கிட்டாங்க."

"வர்ற வழியில எப்படி இருந்துச்சுன்னு கேக்கலையா?"

"இல்லம்மா. பாட்டுக் கேட்டோம்."

அத்தனை தூரம் ஓட்டியும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பெற்றவளாக இருந்தால்தானே கேட்கத் தோன்றும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பாட்டு மனதுக்குள் முள்ளாகக் குத்தியது. நான் ஓட்டும்போது இவள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஆல்டன் ஸ்டிக்கரைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டினேன். பிள்ளை சேரப்போகும் கல்லூரியின் பெயரைப் பெற்றவர்கள் காரில் ஒட்டிக்கொள்வது இங்கே வழக்கம், ஆனால் பிள்ளை முடிவைச் சொல்லும் முன்னால் யாரும் ஒட்ட மாட்டார்கள். நான் ஒட்டினேன். வில்லா வெளியே வந்த நேரம், பக்கத்து வீட்டு லாயிட் அதைப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்தார்.

"ஆல்டனா கண்ணு? அம்மா மாதிரியே. ரொம்ப சந்தோஷம்."

வில்லா கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தேங்க்ஸ், லாயிட்" என்றாள். பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சாப்பிடும்போது மெக்ரோனியைக் கிளறிக்கொண்டே, "ஆல்டனுக்கே போறேம்மா" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். அந்த வாரக் கடைசியில் அவளைக் கர்ட்டிஸ் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, ஆட்ராவின் சமையலறை ஜன்னலுக்கு நேராகப் பின்கண்ணாடி தெரியும்படி வண்டியை வேண்டுமென்றே திருப்பி நிறுத்தினேன். அவள் உள்ளிருந்து கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்ராதான் அவளைத் திரும்பக் கொண்டுவந்தாள். நான் கராஜுக்குப் பக்கவாட்டில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தேன். கார் வந்து நின்றது, யாரும் இறங்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. வில்லா அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு பெல்மியர்தான் வேணும், ஆட்ரா. அங்க என்னை யாருக்கும் தெரியல. எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா."

"அதை அம்மாகிட்ட சொல்லு."

"எப்படிச் சொல்றது? கார்ல வேற ஒட்டிட்டா. அம்மா பாவம். என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"என்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது, வில்லா. அவங்ககிட்ட சொல்லு."

பாவம் என்றது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் அழுகிறாள், அதுவும் அந்தப் பெண்ணிடம் அழுகிறாள். என் முன்னால் அழுது எத்தனையோ வருஷமாகிறது. கையில் விறகோடு அப்படியே நின்றேன். ஆட்ராவின் வீடு ஆல்டன் போகிற வழியில்தான் இருக்கிறது. ஆல்டனில் சேர்ந்தால் அழத் தோன்றும்போதெல்லாம் இவள் அந்த வீட்டுக்குத்தான் போவாள். ஒஹாயோ எனக்கும் ஆட்ராவுக்கும் ஒரே தூரம். முதலில் வந்தது இந்த யோசனைதான், உள்ளதைச் சொல்கிறேன். மகள் சந்தோஷமாக இருக்கட்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு வந்தேன். வில்லா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"பெல்மியருக்கே போடி."

"என்னம்மா சொல்றே? ஆட்ரா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன். உங்கம்மா சொல்றேன்."

"நீ தனியா..."

"தனியா இருந்தா செத்தா போயிடுவேன்? ஒரு நாய் வளத்துக்கறேன். அதுவாவது நான் பேசறதைக் கேக்கும்."

சிரித்தபடியே அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டாள், என் தோளெல்லாம் நனைந்தது. அப்புறம் விலகிப் போனை எடுத்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

எனக்காகத்தான் அந்தப் பொய். "ஆட்ராவுக்குத்தானே? பேசு. இங்கயே பேசு" என்றேன்.

ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். "அம்மாவே போகச் சொல்லிட்டா, ஆட்ரா. பெல்மியருக்கு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ரொம்ப நல்லதுடா" என்றாள் ஆட்ரா. "அம்மாகிட்ட பேசுன்னு நான்தான் சொன்னேன். இருந்தாலும் நீ பக்கத்துலயே இருந்துடுவேன்னு கொஞ்சம் ஆசைப்பட்டுட்டேன். வேற ஒண்ணுமில்ல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாக அழட்டும் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை. வில்லாவின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"நான் கிரெட்சன் பேசறேன். ஆகஸ்ட்ல இவளைக் கொண்டுபோய் விடறப்போ நீங்களும் வாங்க. போறப்போ நான் ஓட்டறேன். திரும்பி வர்றப்போ என்னால முடியாது."